பெயரின் கடைசி எழுத்து

(திருவனந்தபுரத்தில் தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒருவர் தமிழ் வாத்தியார் என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டால், கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்ப்பதும் குழந்தைக்குப் பெயர் சொல்வதும் தானாக அவர் தலையில் வந்து விழும். பத்திரிகை வேலையை அச்சகத்துக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. பெயர் வேலை இன்னும் வருகிறது. கேட்கும் கேள்விதான் மாறிவிட்டது. "நல்ல தமிழ்ப் பேரா ஒண்ணு சொல்லுங்க சார்" என்பது பழைய கேள்வி. அப்புறம் "சு, சே, சோ, லா, இதுல ஆரம்பிக்கணும்" என்று நட்சத்திர எழுத்தோடு வந்தார்கள். இப்போது வரும் இளம் தம்பதிகள், "பொம்பளப் புள்ள சார், 'யா'-வுல முடியணும், இல்லேன்னா 'ஷா'-வுல. பாட்டி பேரு மட்டும் வேண்டாம்" என்கிறார்கள்.

முதல் எழுத்தைச் சொல்லப் பஞ்சாங்கம் இருக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு எழுத்து. கடைசி எழுத்துக்கு அப்படி ஓர் அட்டவணை எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. அதை வீட்டார் தங்கள் காதால் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் காதைப் பழக்கியவர் யார் என்று தேடிப் போனால் அரண்மனை வருகிறது, சாதி வருகிறது, சினிமா வருகிறது, மொழியெல்லை வருகிறது. இந்த ஊரில் குடியிருக்கும் நமக்கு அந்தக் கடைசி விஷயம்தான் பெரிது. அதைச் சொல்லத்தான் வந்தேன். மற்றவை வழியில் வரும்.

பெண்ணின் பெயர் எதில் முடியவேண்டும் என்று சட்டம் போட்டவர்கள் பழங்காலத்திலேயே உண்டு. பாரஸ்கர கிருஹ்ய சூத்திரம் பெண் பெயருக்கு ஒற்றைப்படை அசை வேண்டும், ஆகாரத்தில் முடிய வேண்டும் என்கிறது. மனுவும் பெண் பெயர் சொல்ல எளிதாக, காதுக்கு இனிதாக, நெட்டெழுத்தில் முடிவதாக இருக்கவேண்டும் என்கிறார். ஆக, 'யா' கேட்கும் நம் தம்பதிகள் தங்களுக்குத் தெரியாமலே சூத்திரகாரர் சொன்னதைத்தான் கேட்கிறார்கள். ஒரு வேடிக்கை: 'சீதா' என்பதில் இரண்டே அசை. ஜனகர் சூத்திரம் பார்க்காமல் பெயர் வைத்திருக்கிறார்.

அதே மனு, நட்சத்திரப் பெயரும் மரத்தின் பெயரும் நதியின் பெயரும் உள்ள பெண்ணைக் கட்டாதே என்றும் எழுதி வைத்திருக்கிறார். ரோகிணி, ரேவதி, காவேரி, கங்கா எல்லாம் அவர் கணக்கில் தள்ளுபடி. திருவிதாங்கூர் அரண்மனை அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் நட்சத்திரம்தான் முன்னால் நிற்கும்: சுவாதித் திருநாள், மூலம் திருநாள், சித்திரைத் திருநாள், இளவரசிகளில் கார்த்திகைத் திருநாள் லட்சுமி பாயி, அஸ்வதி திருநாள் கௌரி லட்சுமி பாயி. நம் ஊரில் பிரசவத்துக்கு எல்லாரும் ஓடும் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியின் விரிவு ஸ்ரீ அவிட்டம் திருநாள். பிறக்கும் இடத்தின் பெயரே நட்சத்திரம். இதில் மனு எங்கே நிற்பார்?

தமிழின் கணக்கு வேறு. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஆணைக் காட்ட னகர ஒற்று, பெண்ணைக் காட்ட ளகர ஒற்று என்று வகுத்துவிடுகிறார். அவன், அவள், வந்தான், வந்தாள். பெயரிலும் அந்த ள் வரும். ஆண்டாள் வரை வரும், அம்மாள் வரை வரும். ஆனால் நம் பழைய பெண்பெயர்கள் பெரும்பாலும் இகரத்திலும் ஐகாரத்திலும்தான் முடிந்தன. சிலப்பதிகாரத்தைத் திறந்து பெண்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். கண்ணகி, மாதவி, கவுந்தி, தேவந்தி, மாதரி, சித்திராபதி. பிறகு ஐயை, வசந்தமாலை, மணிமேகலை. சேரன் அரசி வேண்மாள் ளகரம். ஆகாரத்தில் முடிபவள் இவர்களில் ஒருத்தியும் இல்லை. வடமொழியிலிருந்து ஆகாரத்தோடு வருபவளையும் தமிழ் வாசலில் நிறுத்தி ஐகாரம் ஆக்கித்தான் உள்ளே விட்டது. மாலா மாலையானாள், சீதா சீதையானாள், ராதா ராதையானாள். நெடில் ஈகாரத்தோடு வந்த குமாரீ குமரியானாள். நன்னூல் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆகாரத்தில் முடியவேண்டும் என்ற வடக்கு விதி தமிழ்நாட்டில் செல்லுபடியாகவில்லை என்று பொருள்.

இன்னொன்றும் தொல்காப்பியரிடம் இருக்கிறது. விளிமரபு என்று ஓர் இயலே வைத்திருக்கிறார், ஆளைக் கூப்பிடும்போது பெயரின் கடைசி எழுத்துக்கு என்ன ஆகும் என்று சொல்ல. இகரம் ஈகாரமாக நீளும். தோழி தோழீ ஆவாள். ஐகாரம் ஆய் ஆகும். நங்கை நங்காய் ஆவாள். பெயரின் உயிர் அதன் முடிவில் இருக்கிறது என்பதை இலக்கணக்காரர் கூப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். கூப்பிடுவதில் ஒரு சிக்கலும் உண்டு. நம் வீடுகளில் பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைப்பார்கள். மருமகள் மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது. அதனால் பதிவேட்டில் பகவதியம்மாளாக இருக்கும் குழந்தை வாசலில் அம்முவாகவோ பாப்பாவாகவோ ஆகிவிடும். கேரளத்தில் இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டி, ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறுகாதில் மூன்று முறை பெயர் சொல்கிறார்கள். காதுக்குள் சொல்லும்போது எந்தப் பெயரும் நன்றாகத்தான் இருக்கும். மாடியிலிருந்து தெருமுனை வரை கேட்கும்படி கூப்பிட வேண்டிய நாள் வரும். அன்றைக்குத்தான் கடைசி எழுத்து வேலை செய்கிறதா என்று தெரியும்.

இப்போது மொழியெல்லைக்கு வருகிறேன். தம்பானூர் பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று போர்டுகளை வாசித்துப் பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து வரும் தமிழ்நாட்டு வண்டியில் 'களியக்காவிளை' என்று ஐகாரத்தோடு இருக்கும். பக்கத்தில் நிற்கும் கேரள வண்டியில் அதே ஊர் 'களியிக்காவிள' என்று மொட்டையாக முடியும். நாம் கரமனை என்கிறோம், மலையாளத்தில் கரமன. நெய்யாற்றின்கரை நெய்யாற்றின்கர ஆகிறது. பூஜப்புரை, பூஜப்புர. மலையாளம் தமிழிலிருந்து விலகிய பாதையில் சொல்லின் கடைசி ஐகாரத்தைக் குறில் அகரமாக்கிக்கொண்டது. மலை மல ஆயிற்று, தலை தல ஆயிற்று. ஊருக்கு நடந்தது பெண்ணுக்கும் நடக்கும். மணிமேகலை இங்கே மணிமேகல. கோதை கோத. ஐகார ஈற்றுப் பெயரை ஆசையாக வைத்துவிட்டுப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் அது பாதியாகி நிற்பதைப் பார்த்து வருந்தும் பெற்றோர் இந்த ஊரில் நிறைய.

ஆகார ஈற்றுக்காரர்கள் சிரிக்கவேண்டாம். உங்களுக்கும் அதே கதைதான். சம்ஸ்கிருதத்தில் நெடிலாக முடியும் பெண்பெயரை மலையாளம் குறிலாகத்தான் எழுதும். லதா அங்கே லத. ராதா ராத. கரமனை கிருஷ்ணன் நாயரின் மகள், நாடறிந்த பாடகி, தமிழ் ஒலிநாடா உறையில் எப்போதும் 'சித்ரா'. மலையாள உறையில் 'சித்ர'. சம்ஸ்கிருதம் சீதா என்றது, தமிழ் சீதை என்றது, மலையாளம் சீத என்கிறது. மூன்றுக்கும் ஒரே பெண்தான். கவடியாரில் வாழ்ந்து மறைந்த நம் நகுலன் சுசீலா சுசீலா என்று வாழ்நாள் முழுக்க எழுதினார். மலையாள எழுத்தில் அவள் சுசீல. அந்த நெடில் போனால் நகுலனுடைய ஏக்கத்தில் பாதி போய்விடும் என்று எனக்குத் தோன்றுகிறது. விமர்சகர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது.

சரி, எது சேதமில்லாமல் எல்லை தாண்டுகிறது? இகரம். கண்ணகி இரண்டு பக்கமும் கண்ணகிதான். ஆற்றுக்காலில் மாசி மாதம் லட்சக்கணக்கான பெண்கள் பொங்கலிடும் பகவதியைக் கண்ணகியாகவே இந்த ஊர் நம்புகிறது. மதுரையை எரித்துவிட்டு இவ்வழியாக வந்தவள் என்று தோற்றம்பாட்டில் பாடுகிறார்கள். அவள் பெயரில் ஓர் எழுத்தும் தேயவில்லை. மாதவி, வள்ளி, பார்வதி, கோமதி எல்லாரும் அப்படியே வந்து சேர்ந்தார்கள். இதே ஊரில் மகாராஜா கல்லூரிப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை 1891-இல் தன் நாடகத்தை வெளியிட்டபோது கதாநாயகிக்கு மனோன்மணி என்றும் அவள் தோழிக்கு வாணி என்றும் பெயர் வைத்தார். இரண்டும் இகரம். திட்டமிட்டு வைத்தாரா, காதுக்குப் பட்டதை வைத்தாரா தெரியாது. திருவனந்தபுரத்துத் தமிழருக்கு அதைவிடப் பொருத்தமான ஈறு கிடையாது.

ஆனால் ஓசை மட்டும் பார்த்து யாரும் ஈற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தக் காலத் திருவிதாங்கூரில் பெண்ணின் பெயர் முடிவதைக் கேட்டாலே அவள் எந்த வாசலிலிருந்து வருகிறாள் என்று தெரிந்துவிடும். பாயி என்று முடிந்தால் அரண்மனை. 1810-இல் ஆட்சிக்கு வந்த கௌரி லட்சுமி பாயி, அவருக்குப் பின் 1829 வரை ஆட்சியைக் கவனித்த தங்கை கௌரி பார்வதி பாயி, 1924 முதல் 1931 வரை ஆண்ட சேது லட்சுமி பாயி. தங்கச்சி என்று முடிந்தால் அரசரின் மனைவியர் குடும்பமான அம்மவீடு. இரையிம்மன் தம்பியின் மகள், கவிதையும் இசையும் செய்த குட்டிக்குஞ்ஞு தங்கச்சியைப் போல. அந்தர்ஜனம் என்றால் நம்பூதிரி இல்லம், வாரஸ்யார் என்றால் வாரியர் வீடு, அம்மா என்றால் நாயர் வீடு. அம்மாள் என்று கூடுதலாக ஒரு ள் ஒட்டியிருந்தால், 'பாண்டி', அதாவது தமிழ்க் குடும்பம், என்று பக்கத்து வீட்டார் புரிந்துகொள்வார்கள். தொல்காப்பியரின் அந்த ஒற்றெழுத்து இங்கே நம் அடையாள அட்டையாகிவிட்டது.

இந்த வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு ஒட்டுக்கு இடமில்லை. சக்கி, காளி, அழகி என்று பெயர் அங்கேயே நின்றுவிடும். 1912-இல் கொச்சிப் பக்கம் முளவுகாட்டுத் தீவில் பிறந்த ஒரு புலையர் வீட்டுக் குழந்தைக்குத் தாட்சாயணி என்று பெயர் வைத்தபோது, அது மேல்சாதி வீட்டுப் பெயர் அல்லவா என்று சுற்றியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அந்தக் குழந்தைதான் பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்த தாட்சாயணி வேலாயுதன். அந்தச் சபையில் இருந்த 15 பெண்களில் மூன்று பேர் மலையாள மண்ணிலிருந்து போனவர்கள். தாட்சாயணி ஒருவர், நம் திருவனந்தபுரத்து ஆனி மஸ்கரீன் ஒருவர், ஆனக்கரை அம்மு சுவாமிநாதன் ஒருவர். மூன்றாமவர் பெயரைக் கவனியுங்கள். சட்டம் எழுதும் சபைக்கே அவர் அம்முவாகத்தான் போனார். செல்லப் பெயரின் உகரம் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

தென் திருவிதாங்கூரின் நாடார் குடும்பங்களில் செல்லபாய், தங்கபாய், ஞானபாய் என்று பாட்டிமார் பெயரைக் கேட்டிருப்பீர்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். ராணியின் பெயருக்குப் பின்னால் இருந்த பாயி இவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு எப்படி வந்தது? மராத்தியில் பெண்ணுக்கு மரியாதைச் சொல் அது. தோள்சீலை போடும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்ட சமூகம் இது. 1859-இல்தான் மேலாடைக்கு அரசு இணங்கி அறிவிப்புப் போட்டது. துணிக்கு உத்தரவு தேவைப்பட்டது. பெயரின் ஈற்றுக்கு யாரிடமும் உத்தரவு கேட்கவேண்டியதில்லை, தாங்களே எடுத்துக்கொண்டார்கள் என்பது என் ஊகம். இதைவிட நல்ல விளக்கம் யாருக்காவது தெரிந்தால் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதையும் பெயரின் ஈறுகளை வைத்தே சொல்லிவிடலாம் என்றால் நம்புவீர்களா? இந்த ஊர் நந்தன்கோட்டில் 1903-இல் பிறந்த பி.கே. ரோசியைச் சொல்கிறேன். பிறந்தபோது ராஜம்மா. ஏழை தலித் குடும்பம். குடும்பம் கிறிஸ்தவத்துக்கு வந்தபோது ரோசம்மா ஆனார் என்றும், ரோசி என்று சுருக்கியது சினிமா என்றும் சொல்வார்கள். தமிழும் மலையாளமும் கலந்து ஆடும் காக்காரிசி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவர். அகஸ்தீசுவரத்துக்காரரான ஜே.சி. டேனியல், மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்தபோது இவரைக் கதாநாயகி ஆக்கினார். பாத்திரத்தின் பெயர் சரோஜினி, நாயர் வீட்டுப் பெண்.

கேப்பிட்டல் தியேட்டரில் படம் ஓடியபோது திரையில் கல் விழுந்தது. ஒரு புலையப் பெண் சரோஜினியாக நிற்பதை அந்தக் கூட்டத்தால் பொறுக்க முடியவில்லை. ரோசி ரோசியாகவே வந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். அந்த 'இனி' அவர்கள் வீட்டு உடைமை என்று நினைத்தார்கள். குடிசைக்குத் தீ வைத்தார்கள். ரோசி தமிழ்நாட்டுப் பக்கம் போகும் ஒரு லாரியில் ஏறித் தப்பினார். அந்த லாரி ஓட்டுநரையே மணந்துகொண்டு நாகர்கோவில் பக்கம் வாழ்ந்தார். அங்கே அவர் பெயர் ராஜம்மாள். ஊர் மாறியது, வாழ்க்கை மாறியது, பெயரில் ஒரு ள் கூடியது. அவர் யார் என்று தெரியாமல் அண்டை வீட்டார் பழகுவதற்கு அந்த ஓர் எழுத்து போதுமானதாக இருந்தது. 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. ரோசி என்றுதான் போட்டது. அவர் கடைசிவரை வைத்திருந்த பெயர் அதுவல்ல.

இதற்குப் பிறகு சினிமா தன் விருப்பத்துக்குப் பெயர்களை மாற்றிக்கொண்டே போனது. பரணங்ஙானத்துத் திரேசியாம்மா மிஸ் குமாரி ஆனார். பூஜப்புரையிலிருந்து போன திருவிதாங்கூர் சகோதரிகளுக்கு அந்த வேலை தேவைப்படவில்லை. லலிதா, பத்மினி, ராகினி என்று வீட்டிலேயே திரைக்கு ஏற்ற பெயர் இருந்தது. பின்னிரண்டு பேருக்கும் ஒரே 'இனி'. அக்கா தங்கைகளுக்கு ஈறு ஒத்துப்போகப் பெயர் வைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. மூன்றாவது பெண் பிறக்கும்போது திண்டாடுவார்கள்.

காலம் எப்படி ஈற்றை மாற்றுகிறது என்று பார்க்க எனக்குப் பிடித்த பட்டியல் கேரளத்துத் தடகள வீராங்கனைகளின் பட்டியல். 1960-இல் பிறந்தவர் வல்சம்மா. 1982 டெல்லி ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர். அன்னம்மா, மறியாம்மா, ஏலியாம்மா என்று தலைமுறை தலைமுறையாக வந்த 'அம்மா'-வின் கடைசி வரிசை அவர். 1964-இல் உஷா, 1965-இல் ஷைனி. ஒரே ஐந்து வருஷத்தில் அம்மா உதிர்ந்து, இரண்டெழுத்தில் சட்டென்று முடியும் பெயர் வந்துவிட்டது. 1975-இல் பிறந்த பீனாமோள் 2002-இல் பூசானில் 800 மீட்டர் வென்றார். 'மோள்' என்றால் மகள்தான். தொல்காப்பியர் சொன்ன ளகரம் இரண்டாயிரம் வருஷம் கழித்துச் சிரியன் கிறிஸ்தவ வீட்டில் தலை காட்டுகிறது. 1977-இல் அஞ்சு, 2003-இல் பாரிஸில் நீளம் தாண்டி உலகப் பதக்கம் வாங்கியவர். 1989-இல் பிறந்த ஓட்டக்காரி டின்டுவின் பெயருக்கு அகராதியில் பொருள் தேடினால் கிடைக்காது. அந்தத் தலைமுறைக்குப் பொருள் வேண்டியிருக்கவில்லை. சினி, மினி, ஜின்சி, பின்சி எல்லாம் ஓசைக்காகப் பிறந்த பெயர்கள். அறிஞர்கள் கேலி செய்தார்கள். நான் செய்யமாட்டேன். பரம்பரையாகப் பாட்டி பெயரைச் சுமந்தே பழகிய வீட்டில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு புதுப் பெயரை மகளுக்குக் கொடுத்த அம்மாவின் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

இகரத்துக்கு இந்த நாட்டில் ஒரு குறையும் உண்டு. மலையாளத்தில் ஆணுக்கும் அது பொது. ஷாஜி, சஜி, ரெஜி எல்லாம் ஆண்கள். இயக்குநர் ஐ.வி. சசி ஆண், 2009-இல் முதன்முறையாக நம் தொகுதியில் ஜெயித்த சசி தரூரும் ஆண். தமிழ்நாட்டில் சசி என்றால் சசிகலாவின் சுருக்கம் என்றுதான் முதலில் நினைப்பார்கள். ஆகவே இகரம் வைக்கும்போது இரண்டெழுத்தில் நிறுத்தாதீர்கள் என்பது என் யோசனை.

தனித்தமிழ்ப் பெயர் வைக்க விரும்புவோர் மறைமலையடிகளைப் பார்க்கவேண்டும். வேதாசலமாக இருந்தபோது சில காலம் இந்த ஊரில் தமிழாசிரியராக இருந்தவர்தான். பிற்பாடு தம் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் தமிழாக்கினார். திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார், மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார், மகள் திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். மொழி முழுக்க மாறிவிட்டது; சுந்தரியின் இகரம் அழகியிலும் அப்படியே இருக்கிறது. யாழினி, தமிழினி, வெண்மதி, கயல்விழி, பூங்குழலி என்று இன்று வைக்கும் பெயர்களும் அதே ஈற்றில்தான் விழுகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து டொரொன்டோ வரை ஓடிய 'ஷா', 'ஜா', 'ஷிகா' அலை நடுவிலும் இந்த இகரம் மூழ்கவில்லை.

கடைசி எழுத்துக்காக நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு. ஐஸ்லாந்தில் 1991-லிருந்து பெயர்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. அந்த மொழியில் பெயருக்கு வேற்றுமை உருபு ஏறவேண்டும்; 2019 வரை ஆண்பால் பெண்பால் இலக்கணமும் பொருந்தவேண்டியிருந்தது. பிளைர் என்று ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். இளங்காற்று என்று பொருள். சொல் இலக்கணப்படி ஆண்பால், ஆகவே பெண்ணுக்கு ஆகாது என்று குழு மறுத்தது. நோபல் பரிசு பெற்ற லாக்ஸ்னஸ் 1957-இல் எழுதிய நாவலில் ஒரு பெண் பாத்திரத்துக்கே இந்தப் பெயர் இருந்தும் பயனில்லை. அந்தக் குழந்தை பதினைந்து வயது வரை அரசுப் பதிவேட்டில் வெறும் 'பெண்' என்றே இருந்தாள். 2013 ஜனவரியில் ரெய்க்யவிக் நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டில் அப்படி ஒரு குழு இல்லை என்று சந்தோஷப்படலாம். மாமியார்கள் இருக்கிறார்கள், அது வேறு.

இனி 'யா'-வுக்கு வருகிறேன். அனன்யா, ஆத்யா, தியா, இனியா எல்லாம் நல்ல பெயர்கள்தான். நெடிலில் முடிவதால் கூப்பிட வசதி, அதை மறுக்கமாட்டேன். ஆனால் இந்த ஊரில் மலையாள எழுத்தில் அது குறிலாகும், ஆங்கிலத்தில் குறில் நெடில் தெரியாது, எண்கணிதக்காரர் சொன்னார் என்று இன்னொரு 'ஏ' சேர்த்தால் பாஸ்போர்ட்டில் ஒன்றும் ஆதாரில் ஒன்றுமாக நிற்கும். எல்லாவற்றையும்விட, ஒரே வகுப்பில் நாலு அனன்யா இருந்தால் டீச்சர் இனிஷியலைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார். நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த ஈற்றுக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால், மூன்றெழுத்துக்குக் குறையாமல் இகரத்தில் முடியும் பெயராக வையுங்கள். தமிழ் வாயும் மலையாள வாயும் அதைச் சேதப்படுத்தாது. பாட்டியின் பெயர் ஐகாரத்தில் முடிந்தால் தயங்காமல் வையுங்கள். கரமனை கரமனவாகியும் கரமனைதான். பாட்டி பெயர் மட்டும் வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், ஆனால் பெயருக்கு அவசரப்படாதீர்கள். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பெயரில்லாமல் பதிந்த குழந்தைக்குப் பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டிப் பதினைந்து வருஷம் வரை சேர்க்கலாம். இங்கே சான்றிதழ் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வரும். தமிழ் அதில் இருக்காது. ஆகவே போகும்போது குழந்தையின் பெயரைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். கடைசி எழுத்து நீங்கள் எழுதியபடி ஏறியிருக்கிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். திருத்தப் போனால் அலைச்சல் அதிகம்.